சங்காரிக்கு வயிற்று வலி வந்த கதை

வானத்தில் கடல் கிடையாது, அதனால் கப்பலும் கிடையாது என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், ஏனென்றால் சங்காரி என்ற அந்தப் போர்க்கப்பலுக்கு நிறைய இடம் வேண்டும். மூக்கிலிருந்து வால் வரை நடக்க ஒரு ஆளுக்கு ஒன்பது நாள் ஆகும், பத்தாவது நாள் புதுச் செருப்பு வாங்க வேண்டும். அதற்கு நாற்பது தளங்கள் என்று வரைபடம் சொல்லும். நாற்பதாவது தளத்துக்குக் கீழே 'காலி இடம்' என்று ஒரே வரி எழுதி மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்தில் இன்னும் ஏழு தளங்களும், ஆயிரத்து அறுநூறு சனமும், நான்கு பெரிய அடுப்படிகளும், மாதா சிலை வைத்த ஒரு சிறு கெபியும், எந்நேரமும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் வெள்ளைச் சட்டைகளும் இருந்தன.

கப்பலைக் கட்டி முடித்த அன்று கடைசித் தகட்டை உள்ளேயிருந்து பற்றவைத்துக்கொண்டிருந்தவர்களை வெளியே கூப்பிட ஆளில்லை, எல்லாரும் பாண்டு வாத்தியம் கேட்கப் போயிருந்தார்கள். மாலை போட்டு, கொடியசைத்து, கப்பலை வானத்தில் விட்டாயிற்று. உள்ளே நின்றுபோனவர்கள் ஒரு நாள் கத்திப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பசித்தது, மூன்றாம் நாள் உலை வைத்தார்கள். தொண்ணூறு வருஷமாக அந்த உலை அணையவில்லை. மேல்தளத்து அதிகாரிகள் நாற்பதாவது தளத்தில் ஒரு ஓட்டைக்குள் அழுக்குச் சட்டையைப் போடுவார்கள், மறுநாள் அது கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தூக்குப்பெட்டியில் ஏறி வரும். சாப்பாடும் அப்படியே வரும். யார் துவைத்தது, யார் வடித்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை, வெளுப்பு சட்டையின் இயற்கை என்று அவர்கள் நம்பினார்கள்.

எப்போதாவது ஒரு புது அதிகாரிக்குக் கேட்கத் தோன்றிவிட்டால்தான் வில்லங்கம். அப்படி ஒருவன் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கீழே எட்டிப் பார்த்தபோது, கஞ்சிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்த நாலு வயதுப் பிள்ளை பிரகாசி அகப்பட்டுக்கொண்டாள். போர்க்கப்பலில் பிள்ளைகள் இருக்கக்கூடாது என்பது சட்டம். அவளைச் சரக்குப் படகில் ஏற்றி நிலாவிலுள்ள கன்னியர் இல்லத்தில் விட்டார்கள். நாற்பத்திரண்டு இரும்புக் கட்டில்கள், வரிசையாக. கன்னியர்கள் கெட்டவர்கள் இல்லை, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஆறு கைகள் போதவில்லை, அவ்வளவுதான். எந்தப் பிள்ளை அழுகிறதோ அதன் கட்டிலைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். பிரகாசி அங்கே பூத்தையல் படித்தாள், அச்சு மாதிரி கூட்டெழுத்துப் படித்தாள், சத்தமில்லாமல் அழவும் படித்தாள். பதினேழு வயதில் ஒரு வெங்காய மூட்டைக்குள் உட்கார்ந்து கீழ்த்தளத்துக்கே திரும்பி வந்து, பீரங்கிகளுக்கு எண்ணெய் போடும் கொஸ்தானைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது வயதில் அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த நிமிஷமே பிரகாசி பார்த்தது பிள்ளையின் முகத்தை அல்ல, கூரையில் அழுக்குத்துணி விழும் ஓட்டையை.

கொஸ்தான் நல்லவன், ஆனால் செவிடன். பீரங்கிகளுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த காது, பிள்ளை அழுதால் என்ன, மேலே ஒரு நட்சத்திரம் வெடித்தால் என்ன, புரண்டு படுப்பான். ஆகவே தொட்டில் கட்டுவதும் அவள் பாடாகத்தான் இருந்தது. நாற்பத்தேழாவது தளத்தில் எல்லா உத்திரத்திலும் துணிக்கொடி, எல்லாக் கொக்கியிலும் வெங்காயம். தென்னைமரப் பருமனில் ஒரு தண்டு மட்டும் கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சும்மா ஓடியது, தொட்டால் இளஞ்சூடாக, லேசாக நடுங்கிக்கொண்டு. அதில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொங்கவிடக்கூடாது என்று கீழ்த்தளத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் சொல்லிக் கொடுப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது, தெரியாததாலேயே யாரும் மீறியதில்லை. பிரகாசியின் ஐந்தாவது வயது நிலாவில் கழிந்ததால் அவளிடம் அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சூடாக இருக்கிறது, பிள்ளைக்கு நல்லது என்று தன் கல்யாணச் சேலையை அந்தத் தண்டில் கட்டி, தொட்டில் கம்பைச் செருகி, பிள்ளையைக் கிடத்தினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை அழுதது. பிரகாசியின் கை முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் இருந்தது. கையைத் துடைப்பதற்குள் தொட்டில் ஆட ஆரம்பித்தது, தொட்டிலோடு அண்டாத் தண்ணீர் ஆடியது, கொடியில் கிடந்த ஆயிரத்து நானூறு வெள்ளைச் சட்டைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, மறுபக்கம் சாய்ந்தன. ஒன்பது நாள் நீளமுள்ள போர்க்கப்பல் இடமும் வலமுமாக அசைந்தது. பிள்ளை அடங்கியதும் கப்பலும் அடங்கியது.

பக்கத்து அண்டாவில் கஞ்சி முக்கிக்கொண்டிருந்த லூர்து மைனி, கொஸ்தானுடைய அண்ணன் பெண்டாட்டி, தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி பிரகாசி, கப்பல் ஆடிச்சா?"

"ஆமா மைனி."

"பிள்ளை அழுததுக்கா?"

"அப்படித்தான் தெரியுது."

"நல்லதாப் போச்சு. பெரியவ ஆட்டட்டும். நீ வந்து சோத்தைத் தின்னு, ஆறிப்போவுது."

கீழ்த்தளத்தில் சங்காரியைச் சங்காரி என்று யாரும் சொல்வதில்லை, பெரியவ என்றுதான் சொல்வார்கள். வீட்டில் மூத்தவள் இருந்தால் பிள்ளையை ஆட்டத்தானே செய்வாள் என்று சனம் அதை அந்த அளவில் எடுத்துக்கொண்டது. கெபியில் செபம் சொல்லும் உபதேசியாரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இதைப் புதுமை, அதாவது தெய்வ அற்புதம் என்று சொல்ல வேண்டுமானால் ஆயர் கையெழுத்து வேண்டும், ஆயருக்குக் கடிதம் போய் வர எட்டு வருஷம் ஆகும், அதுவரை இதை ஒரு வசதி என்று வைத்துக்கொள்வோம் என்று தீர்ப்புச் சொன்னார்.

வசதிதான். அண்டாவில் துணியையும் சோப்பையும் போட்டுவிட்டால் போதும், பிள்ளை அழுகிற பத்து நிமிஷத்தில் அழுக்கு தானாக இறங்கிவிடும், அடித்துத் துவைத்துத் தோள் இறங்கிப்போன பெண்கள் இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாவு அசங்கி அசங்கிப் பொங்கியதில் இட்லி கன்னம் மாதிரி வந்தது. பல் வலிக்காரர்களுக்கு வலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வழியிலேயே மறந்துபோனது. சீட்டாட்டத்தில் சீட்டெல்லாம் எதிராளியின் மடிக்கு வழுக்கிப் போனதால் இருபது வருஷப் பகையாளிகள் இரண்டு பேர் ஒரே பக்கமாக உட்கார வேண்டியதாகி, பிறகு பேசவும் வேண்டியதாயிற்று. பிள்ளை எழும்புகிற நேரம்தான் கீழ்த்தளத்துக் கடிகாரம் என்றாயிற்று.

"பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா? ரெண்டு அண்டா துணி கெடக்கு" என்று மைனி வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கா மைனி."

"இதென்ன சீமாட்டி தூக்கம்? ஊரெல்லாம் வேலைக்குக் காத்துக் கெடக்கு, இவ தூங்குதா."

எல்லாரும் சிரிக்கும்போது பிரகாசியும் சிரிப்பாள், ஆனால் அவள் கண் கூரை ஓட்டையை விட்டு நகராது. பிள்ளை ஒவ்வொரு முறை அழும்போதும் நாற்பது தளத்துக்கும் அவளே மணியடித்து, இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது, இங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்வது போல அவளுக்கு இருக்கும். அழுவதற்கு முன்னாலேயே மார்பில் போட்டுக்கொள்வாள். பிள்ளை குடித்துவிட்டு, மறுபடி அழுவதற்குத் தெம்பு சேர்த்துக்கொள்ளும்.

மேல்தளத்தில் அந்த வசதிக்கு வேறு பெயர். சங்காரிக்கு நேர் எதிரே, அதே பருமனில் எதிர்க்கப்பல் ஒன்று பதினொரு வருஷமாக நின்றது. இரண்டு கப்பல்களும் மரியாதையான கடிதங்கள் எழுதி, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சண்டையைத் தொடங்குவது என்று தேதி குறித்திருந்தன. இந்த நேரம் பார்த்துக் கப்பல் ஆடினால்? பீரங்கிக்காரர்கள் ஒத்திகைக்கு ஒரு குண்டு சுட்டார்கள், அது சுற்றி வந்து சொந்தக் கொடிக்கம்பத்தையே முறித்தது. மாலுமிகள் வாந்தியெடுத்தார்கள். மருத்துவர் எலுமிச்சம்பழம் எழுதிக் கொடுத்தார், ஓட்டை வழியாகக் கீழே சீட்டு வந்தது, கீழேயிருந்து இரண்டு சாடி எலுமிச்சை ஊறுகாய் ஏறிப்போனது, பழம் எதுவும் விளையாத கப்பலில் ஊறுகாய் எங்கிருந்து வந்தது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. இதைவிட மோசம், யுத்த ஆலோசனைக் கூட்டங்களில் எல்லாரும் தூங்கிப்போனார்கள். தளபதி சமரகேசரி, மார்பில் முப்பத்தொரு பதக்கம் குத்தியவர், எதிரியின் இடுப்பை எங்கே உடைப்பது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே கப்பல் லேசாக அசையும், அவர் கன்னத்தை வரைபடத்தில் சாய்த்து, கட்டைவிரல் வாய்க்குப் பக்கத்தில் போய்விட, அயர்ந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் திடுக்கிட்டு விழித்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கையில் இருந்தது கைக்குட்டை இல்லை. உள்ளங்கையளவில் ஒரு குல்லா, நாடா வைத்து, ஓரத்தில் நீல நூலில் ஒரு வாத்து பின்னியது. தானாகத் துவைக்கும் அண்டாவில் பிள்ளைத்துணியும் தளபதி சட்டையும் ஒன்றாகக் கிடந்து புரண்டதில் அது பைக்குள் ஏறியிருந்தது. தளபதி அதை முகர்ந்து பார்த்தார். பால், வசம்பு, கொஞ்சம் மூத்திரம்.

"இந்தக் கப்பலில் ஒரு குழந்தை இருக்கிறது" என்றார்.

சுவருக்குப் பின்னால் எண்ணெய்க் குவளையோடு ஊர்ந்துகொண்டிருந்த கொஸ்தானுக்கு அது காதில் விழவில்லை. ஆனால் கம்பி வலை வழியாக அந்த வாத்தைப் பார்த்தான். தன் பெண்டாட்டி ஏழு நாள் உட்கார்ந்து பின்னிய வாத்து. குவளையை அங்கேயே போட்டுவிட்டு ஏழு தளத்தையும் சறுக்கி இறங்கி வந்தான்.

"ஏட்டி! வாத்து மேல போயிட்டு!"

"என்னது?"

"வாத்து! தளபதி கையில!"

பிரகாசி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு கட்டில்கள் சுவரைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. "கொண்டு போயிருவாங்க மைனி, என் பிள்ளையக் கொண்டு போயிருவாங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எங்க கொண்டு போவான்? இங்க யாருமே இல்லைன்னு அவன் கையெழுத்துப் போட்டிருக்கான்" என்றாள் மைனி. "இல்லாத இடத்துல இருந்து எப்படிக் கொண்டு போவான்? நீ வாயை மூடிக்கிட்டு அந்த இட்லிக் கொப்பரையக் கழுவு."

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தளபதி சமரகேசரி நான்கு சிப்பாய்களோடு அழுக்குத்துணி ஓட்டை வழியாக இறங்கினார். வேறு வழி வரைபடத்தில் இல்லை. ஏழு தளத்துக் குழாயில் வழுக்கி, பதக்கமெல்லாம் கலகலவென்று சத்தம் போட, ஊறவைத்த துணி அண்டாவில் இடுப்பு வரை விழுந்தார்.

"பயப்படாதீங்க ஐயா" என்று மைனி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "விழுந்தாலும் உங்க சொந்தத் துணி மேலதான் விழுந்திருக்கீங்க."

தளபதி சோப்பு நுரையைத் துப்பிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். தொண்ணூறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு தளபதி தன் சட்டைகள் காய்கிற இடத்தைப் பார்த்தார். ஆயிரத்து அறுநூறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீங்களெல்லாம் யார்?"

"யாரும் இல்லையே ஐயா" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில், மரியாதையாக.

"கப்பல் ஏன் ஆடுகிறது?"

"காத்து" என்றாள் மைனி.

"வானவெளியில் காற்று கிடையாது."

"அதான் ஐயா, இல்லாத காத்து. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

சிப்பாய்கள் கூடைகளைக் கவிழ்த்தார்கள், மூட்டைகளைக் குத்தினார்கள். பிரகாசி இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நின்றாள். உள்ளே பழந்துணி விரித்து, காற்றுப் போக மூடியை ஒரு விரல்கடை திறந்து வைத்து, பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தளபதி கொப்பரையைத் தாண்டிப் போனார். தண்டில் தொங்கிய சேலைத் தொட்டிலின் முன்னால் நின்றார்.

"இது என்ன ஆயுதம்?"

"தொட்டில் ஐயா."

"யாருடையது?"

"சும்மா கட்டி வச்சிருக்கோம்."

தளபதி சமரகேசரி சேலையைத் தொட்டுப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார். இதுதான் கருவி என்று கண்டுபிடித்துவிட்டவரின் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. "ஆட்டிப் பார்த்துவிடலாம்" என்று தொட்டிலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"ஐயோ ஆட்டாதீங்க!" என்று ஆயிரத்து அறுநூறு பேரும் அலறினார்கள். இத்தனை நேரம் இல்லாதவர்களாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் இருப்பவர்களாகிவிட்டார்கள். "வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது ஐயா! பிள்ளைக்கு வயித்து வலி வரும்!"

"எந்தப் பிள்ளைக்கு?" என்று கேட்டார் தளபதி, இனிமையாக.

ஆயிரத்து அறுநூறு பேரும் கொப்பரைப் பக்கம் பார்க்காமலிருக்கக் கூரையைப் பார்த்தார்கள்.

"பிள்ளைதான் இல்லையே" என்று அவர் வெறுந்தொட்டிலை ஓங்கி ஆட்டினார், ஒன்று, இரண்டு, மூன்று.

பிரகாசி கொப்பரைக்குள் பார்த்தாள். பிள்ளை தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. வலி அதற்கு வரவில்லை. தலைக்கு மேலே, நாற்பதாவது தளத்துக்கும் மேலே, எங்கோ மூக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் தொடங்கி, குழாய் குழாயாக இறங்கி, பெரிய பெரிய அறைகளில் உருண்டு, வால் வரை போய்த் திரும்பி வந்தது. பசியெடுத்த வயிறு போல இல்லை, வலியெடுத்த வயிறு போல. பிறகு கப்பல் வளைந்தது. முழங்காலை வயிற்றோடு மடக்குகிற பிள்ளை மாதிரி ஒன்பது நாள் நீளமும் மடங்கியது, மூக்கு வாலைப் பார்த்தது, தளமெல்லாம் சரிந்து சட்டைகள் பறந்தன. பேசும் குழாயில் மேலேயிருந்து ஒரு அலறல் வந்தது: "தளபதி! பீரங்கியெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டது! திறக்க மாட்டேன் என்கிறது! மணி ஒன்பதரை!"

தளபதி தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்கள்" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

அப்போது பிரகாசிக்கு அந்த அழுகை கேட்டது. சத்தமில்லாத அழுகை. தகடுகளின் நடுக்கத்தில், தண்டின் சூட்டில், சுவரைப் பார்த்துத் திருப்பிய கட்டிலில் கிடந்து அழுகிறவர்கள் அழுகிற அழுகை, அதை அந்தக் கப்பலில் அவள் ஒருத்தியால்தான் கேட்க முடியும். ஓடிப்போய் ஒளிந்துகொள் என்று கால் சொன்னது. கை கொப்பரையின் மூடியைத் தூக்கிவிட்டது. தளபதிக்கும் நான்கு சிப்பாய்களுக்கும் கண்ணெதிரே பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கூறுகெட்டவளே, என்ன செய்யுத!" என்றாள் மைனி.

"அவ அழுதுட்டு இருக்கா மைனி."

"யாரு?"

"பெரியவ." பிரகாசி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "இவ்வளவு நாளும் அவ நம்ம பிள்ளைய ஆட்டுதான்னு நெனச்சோம். இல்ல மைனி. அவ முதுகுல தொட்டில் கெடந்து ஆடவும் அவளுக்கும் ஆசை வந்து கூட ஆடிக்கிட்டா. தொண்ணூறு வருசம் அவள யாரு ஆட்டுனா? யாரு மடியில போட்டா? குண்டைத்தான் ஊட்டியிருக்காங்க."

லூர்து மைனி முந்தானையை இடுப்பில் செருகினாள். "பச்சப்பிள்ளைக்குக் குண்டைக் குடுத்தா செரிக்குமா? ஏல, பெரிய அண்டாவுல ஓமத்தைப் போட்டுக் கொதிக்க விடுங்க. வசம்பைச் சுட்டு எடுங்க. ஐயா, நீங்க அந்தத் தண்டை விடுங்க, அவளுக்கு முதுகு வலிக்கப் போவுது."

தளபதி விட்டார்.

பிரகாசி தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாள், வெறுந்தொட்டிலின் தோஷம் போக முதலில் அதுதான் செய்ய வேண்டும். கொஸ்தான் எரிபொருள் குழாயின் மூடியைக் கழற்றினான், ஆறு அண்டா ஓமத்தண்ணீரை ஊற்றினார்கள், இளஞ்சூடாக, புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து. நாற்பத்தேழாவது தளத்தின் நட்டநடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு திருகாணி உண்டு, கப்பலை முதன்முதலில் முடுக்கிய இடம், அதுதான் தொப்புள் என்று முடிவு பண்ணி அதைச் சுற்றி வசம்பும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். அப்புறம் தட்ட வேண்டும்.

"எல்லாரும் தட்டணும் ஐயா" என்றாள் பிரகாசி. "மேல உள்ளவங்களும்."

தளபதி பேசும் குழாயில் வாயை வைத்து, தன் முப்பது வருஷச் சேவையில் கொடுத்திராத ஒரு கட்டளையைக் கொடுத்தார். நாற்பது தளத்திலும் பீரங்கிக்காரர்கள், மாலுமிகள், சமையலறைக்கே வழி தெரியாத அதிகாரிகள் எல்லாரும் பக்கத்துச் சுவரைத் தட்டினார்கள். தளபதியும் தட்டினார்.

"மெல்ல ஐயா" என்றாள் மைனி. "முதுகைத் தட்டச் சொன்னா கதவைத் தட்டுத மாதிரில்லா தட்டுதீங்க. உங்க அம்மா உங்கள இப்படியா தட்டுனா?"

"எனக்கு நினைவில்லை" என்றார் தளபதி.

"கைக்கு நினைவிருக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். கைக்கு நினைவிருந்தது.

சரியாகப் பத்து மணிக்கு, எதிர்க்கப்பல் பீரங்கிகளைத் திருப்பிக் குறிபார்த்துக் காத்திருந்தபோது, சங்காரி ஒரு ஏப்பம் விட்டது. அப்படி ஒரு ஏப்பத்தை வானம் அதற்கு முன்னால் கேட்டதில்லை, பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வால்நட்சத்திரம் வாலைச் சுருட்டிக்கொண்டது. எல்லாப் பீரங்கிகளும் ஒன்றாக வாயைத் திறந்தன, தொண்ணூறு வருஷமாக ஊட்டிய குண்டுகளெல்லாம் வேகமே இல்லாமல், பிள்ளை கக்குகிற தயிர்ப்பால் மாதிரி, கொழகொழவென்று வெளியே வந்து, கப்பலின் முகவாயில் கொஞ்சம் ஒட்டி, பிறகு மிதந்து போய்விட்டன. அப்புறம் சங்காரி நிமிர்ந்தது. ஒரு பெருமூச்சு. தண்டின் நடுக்கம் நின்று, தூங்குகிற பிள்ளையின் முதுகு போல ஏறி இறங்கியது.

"தூங்கிட்டா" என்றாள் பிரகாசி.

ஆயிரத்து அறுநூறு பேரும் நான்கு சிப்பாய்களும் சத்தம் போடாமல் நின்றார்கள். தளபதி கிசுகிசுத்தார்: "குண்டு ஒன்றுகூட மிச்சமில்லையா?"

"ஷ்ஷ்" என்றாள் மைனி.

தளபதி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பையிலிருந்து அந்தக் குல்லாவை எடுத்தார். அவர் அதைப் பிள்ளையின் தலையில் வைத்து, நாடாவைக் கட்டத் தெரியாமல் இரண்டு முறை தடுமாறி, கடைசியில் அவளைப் பார்த்தார். அவள் கட்டிவிட்டாள்.

"சட்டப்படி நான் அறிக்கை எழுத வேண்டும்" என்றார்.

"எங்க கொண்டு போவீங்க ஐயா?" அவள் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

தளபதி ஈரச் சட்டையோடு தூக்குப்பெட்டியில், இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து மேலே போனார். மறுநாள் சாயங்காலம் வரை பிரகாசி பிள்ளையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. சாயங்காலம் அழுக்குத்துணியோடு அவருடைய சட்டை விழுந்தது, பையில் அறிக்கையின் நகல் இருந்தது. அவள் அதை எடுத்து, கன்னியர் இல்லத்தில் படிக்கச் சொன்னது போல நிமிர்ந்து நின்று, உரக்கப் படித்தாள்:

"நாற்பதாவது தளத்துக்குக் கீழே நானே நேரில் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் சோதித்தேன். காலி இடம். யாரும் இல்லை. இனி எவரும் போய்ப் பார்க்க வேண்டியதும் இல்லை."

கீழே மூன்று கையெழுத்துகள், முத்திரை. அதற்கும் கீழே, பென்சிலில்: ஊறுகாய் இன்னும் ஒரு சாடி.

அன்றைக்கு அவள் கூரை ஓட்டையைப் பார்க்காமல் சோறு தின்றாள்.

எண்ணெய் போடப் பீரங்கி இருந்தும் போடக் குண்டு இல்லாததால் கொஸ்தான் பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தான். பிள்ளை அழுதால் இப்போதும் அவனுக்குக் கேட்காது, பெரியவள் ஆடினால் மட்டும் எழும்பிக்கொள்வான். அப்படி எட்டு நாள் போயிருக்கும். ஒன்பதாம் நாள் காலை குழாயில் கலகலவென்று பதக்கச் சத்தம் கேட்டது, துணி அண்டாவில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, தளபதி சமரகேசரி நுரையோடு எழுந்து நின்றார். இந்த முறை சிப்பாய்கள் இல்லை. கையில் ஒரு கடிதம், நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். எதிர்க்கப்பலின் தளபதி எழுதியது, மரியாதையான கடிதம்: அவர்களுடைய வேவுக்காரர்கள் சங்காரியின் உயிர்நாடி ஒரு தொட்டில் என்று துப்புக் கொடுத்ததாகவும், அதனால் தாங்களும் தங்கள் கப்பலின் நடுத்தண்டில் விலையுயர்ந்த பட்டில் ஒரு தொட்டில் கட்டி, ஆறு வீரர்களை வைத்து இரவும் பகலும் ஆட்டிவருவதாகவும், மூன்று நாளாகக் கப்பல் உடம்பை மடக்கிக்கொண்டு கிடப்பதாகவும், நீங்கள் அன்று கொடுத்த மருந்து என்னவென்று தெரிவித்தால் யுத்தத்தை உங்களுக்கு வசதியான வேறொரு தேதிக்குத் தள்ளிவைக்கச் சம்மதம் என்றும் எழுதியிருந்தது.

"தொட்டிலுக்குள்ள யாரைப் போட்டிருக்காங்களாம்?" என்று கேட்டாள் மைனி.

"யாரையும் இல்லை" என்றார் தளபதி. "போர்க்கப்பலில் குழந்தைகள் கிடையாது அல்லவா."

மைனி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பிரகாசி பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆறு சாடி ஓமத்தண்ணீர் நிறைத்து, மூடியைத் துணி வைத்துக் கட்டினாள். வசம்பு ஒரு பொட்டலம் வைத்தாள். பிறகு ஒரு தாள் எடுத்து, அச்சு மாதிரி கூட்டெழுத்தில் எழுதினாள்: இளஞ்சூடாகக் கொடுக்கவும். கதவைத் தட்டுவது போலத் தட்ட வேண்டாம். வெறுந்தொட்டிலை இனி ஒருக்காலும் ஆட்டாதீர்கள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வரி சேர்த்தாள்: உங்கள் கப்பலிலும் கடைசித் தளத்துக்குக் கீழே காலி இடம் என்று போட்டிருக்கும், அங்கே போய் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், தொட்டிலில் கிடத்த ஒரு பிள்ளை கிடைக்கும், ஆனால் அதைத் தாயிடமிருந்து வாங்காதீர்கள், தாயோடு கூப்பிடுங்கள்.